குறிஞ்சி என்னும் பெயரில் ஒரு முல்லைக் கதை



ஒரு தொழிலின் நிமித்தம் பழகும் இருவரிடையே அன்பு மெல்ல மெல்ல முதிர்வதைச் சொல்லும் தமிழ் நாவல்களைக் கேட்டால், எங்களுக்கு முந்திய தலைமுறையினர் தயங்காமல் சொல்லும் பெயர் 'குறிஞ்சி மலர்'. நா. பார்த்தசாரதி, 'மணிவண்ணன்' என்ற புனைபெயரில் கல்கி வார இதழில் 1960ஆம் ஆண்டையொட்டி எழுதிய தொடர் அது. அதைப் படித்துத் தம் பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று பெயரிட்டவர்கள் பலர்.

அரவிந்தன் மதுரையில் ஓர் அச்சகத்தில் வேலை செய்பவன். பூரணி, திருப்பரங்குன்றத்தில் வாழ்ந்து மறைந்த தமிழ்ப் பேராசிரியர் ஒருவரின் மகள். தம்பி தங்கையரைக் காக்கும் பொறுப்பைச் சுமப்பவள். தந்தையின் நூல்களை அச்சேற்றும் பணியே இருவரையும் நெருங்கச் செய்கிறது. ஆனால் மணம் கைகூடுமுன்பே அரவிந்தன் மறைந்துவிடுகிறான். அவன் நினைவோடு பூரணி வாழ்கிறாள்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கொரு முறை பூக்கும் அரிய மலர் போன்றவள் பூரணி என்றுதான் நானும் வகுப்பில் விளக்கி வந்தேன். லிங்கநகரில் எங்கள் அயலில் வசிக்கும் வாசகி ஒருவர் அதை அசைத்துவிட்டார். துறைமுகப் பக்கத்து அலுவலகமொன்றில் அவர் எழுதுவினைஞர். இரவல் வாங்கிய நூலைத் திருப்பித் தரும்போது, "சேர், இவங்க ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் கும்பிடுறாங்க. விரும்புற மாதிரித் தெரியேல்லையே. அவன் போன பிறகு அவள் மட்டும் ஏன் அப்படியே இருக்க வேணும்?" என்றார்.

அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. பின்னர் தொல்காப்பியத்தின் அகத்திணையை வைத்து யோசித்தேன். குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தல். இந்த நாவலிலோ கூடல் இல்லை. இருப்பது முல்லைக்குரிய இருத்தல், அதாவது பிரிவைப் பொறுத்துக் காத்திருத்தல். பெயர் குறிஞ்சி, பொருள் முல்லை.

அதிலும் ஒரு வேறுபாடு உண்டு. சங்க முல்லையில் தலைவியின் காத்திருப்புக்கு ஓர் எல்லை உண்டு. கார்காலம் வரும், வினைமுடித்த தலைவனின் தேரும் வரும். அந்த நம்பிக்கையே அவளை ஆற்றியிருக்கச் செய்கிறது. பூரணிக்குத் தேர் வரப்போவதில்லை. எல்லையற்ற காத்திருப்பை அவள் மேல் சுமத்திவிட்டு அதனைப் பெருமை என்கிறார் ஆசிரியர். எங்கள் வாசகி முறையிட்டது இதைத்தான். அம்முறைப்பாடு நியாயமானது என்றே இன்று கருதுகிறேன்.

ஆயினும் நூலைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. இலட்சியம் பேசும் இடங்களில் இருவரும் சிலைகளாகி விடுகிறார்கள். அச்சகமும் புத்தக வேலையும் குடும்பக் கவலையும் வரும் பக்கங்களில் மனிதர்களாகி விடுகிறார்கள். ஒருவர் வேலையில் மற்றவர் காட்டும் அக்கறையே அங்கே காதலின் மொழி. மெதுவாக வளரும் அன்பை வாசகர் நம்புவது அத்தகைய பக்கங்களால்தான்.

இம்முறை இந்த நாவலைப் பற்றி வகுப்பில் பேசும்போது, விளக்கத்தை முதலில் சொல்லப் போவதில்லை. அந்த வாசகியின் கேள்வியை முதலில் வைக்கப் போகிறேன். வீட்டில் பழைய பிரதி இருந்தால் நீங்களும் எடுத்துப் பாருங்கள். பூரணி என்ற பெயரை விரும்பிய நாம், பூரணியின் வாழ்வை நம் மகளுக்கு விரும்புவோமா?