பழைய வண்டி, பழகிய கை – 11: தண்ணீர் எங்கே தடைபடுகிறது?

வண்டி ஹீட் ஆகிறது என்று பட்டறைக்குக் கொண்டுபோனால் முதலில் கழற்றுவது ரேடியேட்டரைத்தான். சில போல்ட், இரண்டு ஹோஸ். சுலபமாகக் கைக்கு வந்துவிடும். உள்ளே கம்பி விட்டுக் குத்தி, ஈயம் பற்றவைத்து, கறுப்புப் பெயின்ட் அடித்து மாட்டிக் கொடுப்பார்கள். கொஞ்ச நாள் ஓடும். அடுத்த மலையேற்றத்தில் முள் மறுபடி சிவப்புக்குப் போகும். "வாட்டர் பாடியை மாத்திடலாம் சார்" என்பார்கள்; தண்ணீர்ப் பம்ப்பைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அதுவும் மாறும். பிறகு தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிப் போடுவார்கள். கடைசியில் ஹெட் கேஸ்கட் போய் வண்டி நடுவழியில் நிற்கும்போதுதான், பாகங்களுக்குக் காசு கொடுத்தோமே தவிர அடைப்பு எங்கே என்று ஒருவரும் தேடவில்லை என்பது தெரியவரும்.

இந்த வாரம் அந்தத் தேடலைப் பற்றி. எடுத்துக்கொள்வது 1489 சிசி பெட்ரோல் என்ஜின் பூட்டிய அம்பாசடர். பிரிட்டனின் பிஎம்சி ‘பி’ சீரிஸ் குடும்பத்து என்ஜின். பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. சொல்வதில் பெரும்பகுதி பிரீமியர் பத்மினிக்கும் பொருந்தும். பொருந்தாத இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

எரியும் பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சூடாகத் தண்ணீருக்குள் போகிறது. அந்தத் தண்ணீர் போகும் பாதையைக் கண்ணை மூடிச் சொல்லத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ரேடியேட்டரின் அடித்தொட்டியில் இருக்கும் ஆறிய தண்ணீரைப் பம்ப் இழுத்து, பிளாக்கின் முன்பக்கமாக உள்ளே தள்ளுகிறது. அது சிலிண்டர்களைச் சுற்றி ஓடி, ஹெட்டுக்கு ஏறி, முன்னால் இருக்கும் தெர்மோஸ்டாட்டைத் தாண்டி, மேல் ஹோஸ் வழியாக மேல்தொட்டிக்கு வருகிறது. அங்கிருந்து மெல்லிய செங்குத்துக் குழாய்களில் இறங்கி ஆறுகிறது. நான்காவது சிலிண்டர் டிரைவரின் கால் பக்கம், பம்ப்பிலிருந்து ஆகத் தொலைவில் இருக்கிறது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்; பின்னால் வேண்டியிருக்கும்.

ஸ்பானரைத் தொடுவதற்கு முன் வண்டிக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எப்போது ஹீட் ஆகிறது? சிக்னலிலும் நெரிசலிலும் ஏறி, நெடுஞ்சாலையில் இறங்கிவிடுகிறது என்றால் தண்ணீர் ஓடுகிறது, காற்றுதான் வரவில்லை. ஃபேன் பெல்ட்டைப் பாருங்கள், ரேடியேட்டரின் முகத்தில் அப்பியிருக்கும் பூச்சியையும் சேற்றையும் பாருங்கள். கழுவும்போது என்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடியுங்கள். எதிர்த்திசையில் அடித்தால் குப்பை இன்னும் உள்ளே போய் இறுகும். நெரிசலில் நன்றாக இருந்து, எண்பதில் ஓட்டும்போதும் மலை ஏறும்போதும் ஏறுகிறது என்றால் கதை வேறு. காற்று தாராளமாக இருந்தும் சூடு இறங்கவில்லை. அதாவது, தேவைப்படும் அளவு தண்ணீர் சுற்றவில்லை. நாம் தேடும் அடைப்பு பெரும்பாலும் இந்த வகைதான். கிளப்பிய சில நிமிடங்களிலேயே ஏறினால் மூடிய நிலையிலேயே மாட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட்டை, அல்லது ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம்.

முள்ளை முழுசாக நம்பவும் கூடாது. தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சென்சார் சரியாகச் சொல்லும். தண்ணீர் மட்டம் அதற்குக் கீழே போய்விட்டால், உள்ளே இரும்பு காய்ந்துகொண்டிருக்கும்போதே முள் தணிந்து காட்டும். ஏறிக்கொண்டே வந்த முள் திடீரென்று இறங்கினால் நிம்மதி அடையாதீர்கள். ஓரம்கட்டி உடனே என்ஜினை நிறுத்துங்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். 7 பவுண்டு அழுத்த மூடிக்குள் தண்ணீர் சுமார் 111 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். திறந்த கணத்தில் ஆவியோடு கொதித்துப் பொங்கி முகத்தில் அடிக்கும். காய்ந்த பிளாக்கில் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் வேண்டாம். வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

மறுநாள் காலை, என்ஜின் சில்லென்று இருக்கும்போது சோதனையைத் தொடங்கலாம். முதலில் கேஸ்கட்டைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, கழுத்து வரை தண்ணீர் நிரப்பி, மூடி இல்லாமல் என்ஜினைக் கிளப்புங்கள். பம்ப் சுற்றாததால் தண்ணீர் அசையக் கூடாது. ஒரு நிமிடத்துக்குள் குமிழிகள் விடாமல் வந்தால் சிலிண்டரின் புகை தண்ணீருக்குள் கசிகிறது. அப்படியானால் அடைப்பைத் தேடிப் பயனில்லை, ஹெட்டை இறக்க வேண்டும். குமிழி இல்லையென்றால் நிறுத்திவிட்டு பெல்ட்டை மாட்டுங்கள்.

மூடி திறந்தபடியே மறுபடி கிளப்பிச் சூடாக விடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மேல்தொட்டியில் தண்ணீர் புரள்வது தெரியும். இப்போது ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுங்கள். புரளல் வேகம் பிடித்தால் பம்ப் நலம். எவ்வளவு கொடுத்தாலும் மந்தமாகவே இருந்தால் பம்ப்பின் இறக்கைகள் அரித்துப் போயிருக்கலாம், அல்லது பிளாக்குக்குள் வழி இல்லை. தண்ணீர் பொங்கி வாய்வழியே வழிந்தால் பம்ப் தள்ளுகிற வேகத்துக்கு ரேடியேட்டர் கோர் இறக்கிவிடவில்லை, அதுதான் குற்றவாளி. எனக்கு மிகப் பிடித்த சோதனை இது. ஒரு கருவியும் வேண்டாம்.

அதே நேரம் கீழ் ஹோஸின் மேலும் ஒரு கண் இருக்கட்டும். அது பம்ப் உறிஞ்சும் பக்கம். வேகம் கொடுக்கும்போது ஹோஸ் ஒட்டிச் சுருங்கினால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் துருப்பிடித்துப் போயிருக்கும், அல்லது கோர் அடைத்திருக்கும். வெளியே பளபளப்பாக இருக்கும் ஹோஸின் உள்தோல் கிழிந்து, ஓட்டத்தில் வாசலை மூடிக்கொள்வதும் உண்டு. நின்ற வண்டியில் அது தெரியவே தெரியாது. கழற்றி விரலை விட்டுத்தான் பார்க்க வேண்டும்.

என்ஜினை நிறுத்திய கையோடு ரேடியேட்டரின் முகத்தில் அகச்சிவப்பு வெப்பமானியை ஓட்டுங்கள். மேலிருந்து கீழே சூடு சீராகக் குறைந்துகொண்டே வர வேண்டும். நடுவில் செங்குத்தாக ஒரு பட்டை மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தக் குழாய்களில் தண்ணீர் இறங்கவில்லை. ஓட்டை அடைக்க எப்போதோ யாரோ கொட்டிய மஞ்சள் தூள் அங்கே உட்கார்ந்திருக்கக்கூடும். வழியில் ஊர் போய்ச் சேர அது உதவியிருக்கும்; ஆனால் ஊர் வந்ததும் முழுவதையும் கழுவி எடுத்திருக்க வேண்டும்.

இத்தனையிலும் ரேடியேட்டர் தேறிவிட்டது, பம்ப் தேறிவிட்டது, ஆனாலும் மலையில் கொதிக்கிறது என்றால் நான்காவது சிலிண்டருக்கு வருவோம். இந்த என்ஜினில் நோய் ஒளிந்திருக்கும் இடம் அதுதான், பட்டறைகள் பார்க்காமல் விடும் இடமும் அதுதான். பல ஆண்டுகளாகப் போர்வெல் தண்ணீரை ஊற்றியே ஓடிய வண்டிகள் இவை. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் அதே சுண்ணாம்புப் படிவு சிலிண்டர் சுவரிலும் படிகிறது. வார்ப்பிரும்பு சூட்டைக் கடத்துவதில் இருபதில் ஒரு பங்குகூட இந்தப் படிவு கடத்தாது. மெல்லிய பூச்சாக இருந்தாலும் போதும், தண்ணீர் பக்கத்திலேயே ஓடினாலும் சூடு அதனிடம் போய்ச் சேராது. இதோடு இரும்பின் துருவும், வார்த்த காலத்தில் உள்ளே தங்கிப்போன மணலும் சேர்ந்து சேறாகின்றன. முன்னால் ஓட்டம் வேகம், பின்னால் தணிவு. ஆற்றில் வண்டல் எங்கே ஒதுங்குமோ அங்கேதான் இங்கும் ஒதுங்குகிறது.

பிளாக்கின் பக்கத்தில் ஒரு வடிகால் குழாய் இருக்கிறது. அதைத் திறங்கள். தண்ணீர் சர்ரென்று வந்தால் நல்லது. சொட்டுக்கூட வரவில்லை என்றால் கம்பியால் குத்திப் பாருங்கள். பழுப்புக் களி ஒட்டிக்கொண்டு வந்தால் தேடல் முடிந்தது. ரேடியேட்டரை மட்டும் காலி செய்து கூலண்ட் மாற்றியவர்கள் இந்தக் குழாயைத் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

வெறும் தண்ணீர் அடித்து இந்தச் சேற்றை எடுக்க முடியாது. பிளாக்கின் பக்கவாட்டில் வட்டத் தகடாக இருக்கும் கோர் பிளக்குகளைக் கழற்றி, வளைந்த கம்பியால் சுரண்டி, சுரண்டச் சுரண்டத் தண்ணீர் அடிக்க வேண்டும். மெனக்கெடும் வேலை. ஆனால் வேறு குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை. சுரண்டி முடித்ததும் தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு, ஓட்டத்துக்கு எதிர்த்திசையில், அதாவது மேலிருந்து உள்ளே விட்டுக் கீழே தெளிவாக வரும்வரை அலசுங்கள். ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு இதைச் செய்வது முக்கியம். இல்லையென்றால் பிளாக்கின் சேறு முழுவதும் கோரில் போய் அடையும். மிச்சப் படிவுக்குச் சிட்ரிக் அமிலக் கரைசல் போதும். கடையில் கழிவறைக்கு விற்கும் ஆசிட்டை ஊற்றச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். அது ரேடியேட்டரின் ஈயப் பற்றையும் தின்னும், இரும்பையும் தின்னும். பத்மினியின் ஹெட் அலுமினியம் என்பதால் அங்கே அது நேரடிக் கொலை.

தெர்மோஸ்டாட்டை மறக்காமல் திரும்ப மாட்டுங்கள். நம் ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை என்ற பேச்சு தவறு. அதைக் கழற்றினால் கொஞ்சம் அதிகத் தண்ணீர் ஓடி, பாதி அடைத்த கோரின் குறையைச் சில வாரங்களுக்கு மறைக்கும், அவ்வளவுதான். அதன்பின் சமவெளியில் என்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் பெட்ரோல் குடித்துத் தேயும். சந்தேகம் இருந்தால் பாத்திரத்துத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியோடு அடுப்பில் வையுங்கள். 82 டிகிரி என்று பொறித்திருந்தால் அந்தச் சுற்றில் வாய் திறக்க வேண்டும். திறக்காததைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டலாம்.

நிரப்பும்போது டிஸ்டில்டு வாட்டரும் கூலண்ட்டும் பாதிக்குப் பாதி. பழைய கூலண்ட்டைத் தெருவில் கொட்டாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கும், நக்கினால் சாகும். புதிய கூலண்ட் துருவைத் தடுக்கும் சக்தியை இழப்பதற்குள், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். மாற்றும்போதெல்லாம் பிளாக்கின் அந்த வடிகால் குழாயையும் திறந்து பாருங்கள்.

இவ்வளவும் செய்து, தண்ணீர் நன்றாக ஓடியும் சூடு குறையாத வண்டிகள் உண்டு. அங்கே கோளாறு தண்ணீரில் இல்லை, தீப்பொறி விழும் நேரத்தில். டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)