சிவப்பு எங்கே விழும்?

ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் குளிர்காலம் வந்தால் பலருக்குக் கம்பளிக் காலுறை இல்லாமல் முடியாது. கடையில் எத்தனையோ வகை கிடைத்தாலும், ஊசியும் நூலுமாக உட்கார்ந்து கையாலேயே பின்னிக்கொள்கிறவர்கள் அங்கே இன்றும் நிறையப் பேர். அவர்கள் ஆசையாக வாங்குவது பலநிற நூல். இழை ஒன்றுதான். கொஞ்ச தூரம் சிவப்பு, பிறகு மஞ்சள், பிறகு நீலம், மறுபடி சிவப்பு என்று நிறம் மாறிக்கொண்டே போகும். நூலை அறுத்து முடிச்சுப் போடும் வேலையே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், ஒரே நூலை இரண்டு பேர் வாங்கிப் பின்னினால் ஒருவரின் காலுறையில் நிறங்கள் கலந்து புள்ளி புள்ளியாக வரும். இன்னொருவரின் காலுறையிலோ சிவப்பெல்லாம் ஒரு பக்கம் திரண்டு பெரிய திட்டாக நிற்கும். பலர் இதை அதிர்ஷ்டம் என்று விட்டுவிடுகிறார்கள். அதிர்ஷ்டத்துக்கு இதில் வேலையே இல்லை. எல்லாம் வகுத்தல் கணக்கில் வரும் மீதி செய்கிற வேலை.

நிறம் ஏற்றுவதிலிருந்து பார்ப்போம். நூலைப் பெரிய வளையமாகச் சுற்றிச் சிட்டமாக்கி, அதன் மேல் பகுதி பகுதியாகச் சாயம் ஊற்றுவார்கள். கம்பளி என்பது கெரட்டின் என்ற புரதம். நம் தலைமுடியில் இருப்பதும் அதுதான். வினிகர் போன்ற அமிலம் பட்டால் அந்தப் புரதத்தில் நேர்மின்னூட்டம் கூடும். இதற்குப் பயன்படும் சாயத்துக்கோ எதிர்மின்னூட்டம். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ள, சூடும் சேர்ந்தால் சாயம் இழைக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். 180 செ.மீ. சுற்றளவுள்ள சிட்டத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று 20 செ.மீ. வீதம் மூன்று தடவை ஊற்றினால், பிரித்த நூலில் 60 செ.மீ.க்கு ஒருமுறை சிவப்பு தொடங்கும். இந்த 60தான் நிறச் சுழற்சியின் நீளம்.

இனி காலுறை. அது ஒரு குழாய். ஊசியால் ஒவ்வொரு கண்ணியாக இழுத்து, சுற்றிச் சுற்றி வந்து பின்னுகிறார்கள். சன்னமான காலுறை நூலில் ஒரு கண்ணிக்கு ஏறத்தாழ 1 செ.மீ. நூல் போகும். சுற்றுக்கு 60 கண்ணி என்றால் 60 செ.மீ. சுழற்சியும் அதே 60. மீதி பூஜ்யம்! அடுத்த சுற்றில் சிவப்புக்கு மேலேயே சிவப்பு வந்து உட்காரும். காலுறையில் மூன்று நிறத் தூண்கள் எழுந்து நிற்கும்.

கண்ணிகளை 64 ஆக்கிப் பாருங்கள். 60 செ.மீ. தீர்ந்ததும் சுற்று முடிய இன்னும் 4 கண்ணி பாக்கி. ஆகவே சிவப்பு 4 கண்ணி முன்கூட்டியே தொடங்கிவிடும். அடுத்த சுற்றில் 8, அதற்கடுத்ததில் 12. தூண் சாய்ந்து, காலைச் சுற்றி ஏறும் கொடியாகிவிடும். 60, 64 இரண்டின் மீச்சிறு பொது மடங்கு 960. அதாவது 15 சுற்று முடிந்ததும் சிவப்பு தொடங்கிய இடத்துக்கே திரும்பும்.

தூணும் வேண்டாம், கொடியும் வேண்டாம் என்றால் 90 செ.மீ. சுற்றுதான் அருமையானது. சுழற்சி ஒன்றரை தடவை வருவதால் ஒவ்வொரு சுற்றிலும் நிறங்கள் இடம் மாறி விழும். ஆனால் 90 கண்ணி போட்டால் காலுறை யானைக்காலுக்குத்தான் பொருந்தும்! அதனால் கைதேர்ந்தவர்கள் இரண்டு உருண்டை எடுத்து, இதிலிருந்து ஒரு சுற்று, அதிலிருந்து ஒரு சுற்று என்று மாற்றி மாற்றிப் பின்னுவார்கள். திட்டு உடைந்துவிடும்.

கண்ணி எண்ணிக்கை மட்டுமல்ல, கையின் இறுக்கமும் கணக்கில் சேரும். ஒரு கண்ணிக்கு அரை மில்லிமீட்டர் குறைந்தால் 64 கண்ணியில் 32 மி.மீ. குறைகிறது. இது மூன்று செ.மீ.க்கு மேல்! ஒரே நூல் இரண்டு பேர் கையில் இரண்டு விதமாக வருவது இதனால்தான். ஒரு சுற்று பின்னி, அதைப் பிரித்து, நூலை அளந்து பார்த்தால் நம் கையின் கணக்கு தெரிந்துவிடும்.

ஊசி இல்லாமலும் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு டப்பாவின் சுற்றளவை நூலால் அளந்துகொள்ளுங்கள். 24 செ.மீ. என்றால், நீளமான வெள்ளை நூலில் 8 செ.மீ.க்கு ஒரு நிறமாக மூன்று ஸ்கெட்ச் பேனாவால் மாற்றி மாற்றித் தீட்டுங்கள். டப்பாவில் நெருக்கமாகச் சுற்றினால் தூண்கள் வரும். பிரித்துவிட்டு, டப்பாவின் மேல் 1 மி.மீ. தடிமனுள்ள அட்டையைப் போர்த்தி மறுபடி சுற்றுங்கள். சுற்றளவு 6 மி.மீ.க்குச் சற்று மேல்தான் கூடியிருக்கும், ஆனால் தூண்கள் சாய்ந்துவிடும்.

காலுறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் குதிகால். கணுக்கால் வரை ஒழுங்காக வந்த கொடி இங்கே குழம்பும். குதிகாலுக்குப் பாதிக் கண்ணிகளை மட்டும் எடுத்து முன்னும் பின்னுமாகப் பின்னுகிறார்கள். பிறகு அதன் ஓரங்களில் புதுக் கண்ணிகள் எடுப்பதால் சுற்று பெரிதாகிறது. அவற்றைக் குறைத்துக்கொண்டே வர, கொடியின் சாய்வும் சுற்றுக்குச் சுற்று மாறும். எண்ணிக்கை பழையபடி 64 ஆனதும் பழைய சாய்வு திரும்பிவிடும். பாதத்தின் பக்கவாட்டைப் பார்த்தே எங்கே எத்தனை கண்ணி இருந்தது என்று ஊகிக்கலாம்!

இந்தக் குழப்பம் வேண்டாமென்றால் அதற்கும் வழி உண்டு. குதிகால் வரவேண்டிய இடத்தில் வேறொரு நூலை வைத்துப் பின்னிவிட்டு, குழாயை நிறுத்தாமல் விரல் நுனிவரை முடித்துவிடுவது. கடைசியில் அந்த நூலை உருவி, திறந்த கண்ணிகளிலிருந்து குதிகாலைத் தனியாகப் பின்னுவது. 

தானாகவே பட்டை விழும் நூலும் உண்டு. அதில் ஒரு நிறம் பல சுற்றுக்குத் தாங்கும். 300 செ.மீ. சிவப்பு, 60 கண்ணியுள்ள பெரியவர் காலுறையில் 5 சுற்றுப் பட்டை. அதே நூல் 44 கண்ணியுள்ள சிறுவர் காலுறையில் ஏறக்குறைய 7 சுற்று வரும். சின்னக் காலுக்குத்தான் பெரிய பட்டை!

ஒரு காலுறை முடிந்தது. அடுத்ததும் அச்சு அசலாக வேண்டுமென்றால் நூலை எடுத்தவுடன் பின்னத் தொடங்கக்கூடாது. முதல் காலுறை எந்த நிறத்தின் எந்த இடத்தில் தொடங்கியதோ அந்த இடம் வரும்வரை நூலை விட்டுவிட்டு, அங்கிருந்து முதல் கண்ணியைப் போடவேண்டும்.