தூண்டில் புராணம் – 11: சேற்றில் இரண்டாண்டு

அயர்லாந்தில் உள்ள காரிப் ஏரியின் டிரவுட் மீன்கள் பண்ணையில் வளர்த்து விடப்பட்டவை அல்ல, சிற்றோடைகளின் கூழாங்கற்களிடையே பொரிந்து தாமாகவே ஏரிக்கு வந்து சேர்பவை என்று சென்ற வாரமே சொல்லியாயிற்று. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்க. ஓடத்தைக் காற்றின் போக்கில் மிதக்கவிட்டு மீன் பிடிக்கும் முறையை இவ்வாரம் விவரிப்பதாகத்தான் வாக்களித்திருந்தேன். ஆனால் ஒரு பூச்சியின் சரித்திரத்தைச் சற்றே பார்த்துவிடுவோம் என்று செவ்வாய்க்கிழமை புஸ்தகத்தைத் திறந்தவன் வியாழன் மாலைவரை அதை மூடவில்லை. பத்திரிகாலயத்துப் பையனோ கட்டுரைக்காக வாசல் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டான்.

மே மாதத்தின் நடுவில் தொடங்கி ஜூன் முற்பகுதிவரை, கால்வே நகருக்கு வடக்கே பரந்து கிடக்கும் அந்தச் சுண்ணாம்புக்கல் ஏரியிலிருந்து ஆயிரமாயிரமாகக் கிளம்பும் 'மே ஈ'யைத்தான் சொல்கிறேன். சாஸ்திரக்ஞர் இதற்கு இட்ட பெயர் எபெமெரா டானிகா. முதற்சொல் கிரேக்கம், ஒரு நாளைக்கு உரியது என்று பொருள். ஒரே பகலில் பிறந்து மடியும் ஜந்து ஒன்றை அரிஸ்டாட்டிலே எழுதிவைத்துவிட்டபடியால், இந்த இனத்துக்கே அற்பாயுள் என்ற பட்டம் நிலைத்துவிட்டது. இதைவிட அபாண்டமான பழி வேறில்லை என்பது என் கட்சி. முட்டையிலிருந்து வெளிப்பட்ட நாள் முதல் ஏறக்குறைய இரண்டாண்டுக் காலம், ஏரியின் அடிச்சேற்றில் வளை தோண்டிக்கொண்டு, மக்கியதைத் தின்று, உடலின்மேல் இறகுபோல் அலையும் செவுள்களால் சுவாசித்து, மேனி பருக்கப் பருக்கச் சட்டையை உரித்து உரித்து வளர்ந்த ஜீவனை, அதன் கடைசி ஓரிரு நாட்களை மட்டும் கண்ணால் கண்டுவிட்டு அற்பாயுள் என்பது என்ன நியாயம்?

அந்தக் கடைசி நாட்களில்தான் என்னை மூன்று நாள் கட்டிப்போட்ட விசித்திரம் நிகழ்கிறது. நீர்மட்டத்துக்கு நீந்தி வந்ததும் முதுகு வெடித்து, பாய் விரித்த தோணிபோல் சிறகை நிமிர்த்திக்கொண்டு மங்கிய பசுமஞ்சள் ஈ ஒன்று வெளிப்பட்டு, கரையோரப் புதரை நோக்கித் தள்ளாடிப் பறக்கிறது. வண்ணத்துப்பூச்சியாகட்டும், தட்டானாகட்டும், வெட்டுக்கிளியாகட்டும், சிறகு முளைத்துப் பறந்துவிட்டால் அதற்குப் பின் தோலுரிப்பது என்பதே இல்லை. மே ஈயின் குலம் மட்டுமோ, பறந்து சென்று இலையின் அடியில் ஒட்டிக்கொண்டு, சிறகின் மேலுள்ள தோல் உட்பட மறுபடியும் ஒருமுறை உரிக்கிறது. கண்ணாடிபோன்ற சிறகுடன் அப்பொழுதுதான் பூரண வடிவம் கொள்கிறது. பூச்சி உலகில் இப்படிச் செய்யும் குலம் இது ஒன்றே. அதன்பின் அதற்கு ஆகாரமும் இல்லை. வாய் பயனற்றுச் சுருங்க, குடலில் அன்னத்துக்குப் பதில் காற்று நிரம்பியிருக்கிறது. 1675ல் இந்தக் குலத்துப் பூச்சி ஒன்றை அறுத்துப் பார்த்து நூல் எழுதிய ஆம்ஸ்டர்டாம் வைத்தியர் ஸ்வாமர்டாம், நூல் முழுவதும் ஈசுவர தியானத்தைக் கலந்துவிட்டார். எனக்கு அதில் ஆச்சரியமில்லை.

காரிப் கரையில் சிறுவர்கள் புதர் புதராகத் தேடி இந்த ஈக்களைப் பெட்டியில் சேர்த்துத் தூண்டிற்காரர்களுக்கு விற்பதுண்டு. மழை ஓய்ந்த அந்தியில் விளக்கைக் காட்டி ஈசல் பிடித்து, பாட்டி பொரியரிசியோடு வறுத்துத் தரக் காத்திருந்த என் போன்றவர்களுக்கு அந்தச் சிறுவர்களை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

வாங்கிய ஈக்களில் இரண்டை ஒரு முள்ளில் கோத்து, நீண்ட கோலின் நுனியிலிருந்து முறுக்கில்லாத பட்டு நூலைக் காற்றில் பறக்கவிட்டால், நூல் வளைந்து நிற்க, ஈக்கள் மட்டும் அலையின் முகட்டைத் தொட்டும் தொடாமலும் கூத்தாடும். வாத்திறகுக்குச் சாயமேற்றிக் கட்டிய பொய் ஈயையே சதமென்று நம்பும் என் போன்ற வைதிகர்கள் முகம் சுளிக்கக்கூடிய முறைதான். ஆயினும் ஒருநாள் கோலை வாங்கிப் பார்த்தேன். பழுப்பு முதுகு ஒன்று நீரைப் பிளந்து எழுந்தது. அதன் கன்னத்துக் கரும்புள்ளிகூடக் கண்ணில் பட்டது. "பொறுங்கள் ஐயா, அது தலை கவிழட்டும்" என்று ஓடக்காரர் சொல்லி வாய் மூடுமுன் நான் கோலைச் சுண்டிவிட்டேன். வெறும் முள் திரும்பி வந்து என் தொப்பியில் தைத்தது. எந்த அசடனும் மீன் பிடித்துவிடலாம் என்பதால் 'அசடர்களின் இரு வாரம்' என்று இந்தப் பருவத்துக்குத் தூண்டிற்காரர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள்; அதிலும் தோற்றவனுக்கு அவர்கள் பெயர் எதுவும் வைக்கவில்லை.

ஓடக்காரர் ஒன்றும் சொல்லாமல் ஒரு தீவில் கரை சேர்த்து, நடுவே புகைபோக்கி உள்ள கெட்டிலில் சுள்ளியை எரித்துத் தேநீர் போட்டார். நம் வீட்டு வெந்நீர்த் தாமிரப் பாய்லரைக் கைக்கு அடக்கமாகச் செய்ததுபோன்ற சாதனம் அது. அதைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும்.

பையன் இருமுகிறான். ஓடம் மிதக்கும் விதத்தை அடுத்த வாரம் அவசியம் எழுதுகிறேன். அதற்குள் அன்பர் எவரேனும் ஈசலுக்குச் சட்டை உரிக்கும் வழக்கம் உண்டா என்று கேட்டு எழுதிவிடாமலிருக்க வேண்டும்.