செங்கல் பொடி மேல ஒரு டென்னிஸ்!

பித்தளைக் குத்துவிளக்கைப் பளபளவென்று தேய்க்க அந்தக் காலத்தில் எதைப் பயன்படுத்தினார்கள்? உங்கள் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். ‘புளியும் செங்கல் பொடியும்தான்’ என்பார். அதே செங்கல் பொடியைத் தரையில் பரப்பி, அதன் மேல் உலகின் மிகப் பெரிய டென்னிஸ் போட்டிகளில் ஒன்றை நடத்துகிறார்கள். நம்ப முடிகிறதா?

அதுதான் பிரெஞ்சு ஓப்பன். பிரான்ஸ் தலைநகர் பாரீசில், மே மாதக் கடைசியில் தொடங்கி ஜூனில் முடியும். டென்னிசில் ‘கிராண்ட் ஸ்லாம்’ எனப்படும் பெரிய போட்டிகள் நான்கு. விம்பிள்டன் புல்தரையில் நடக்கும். ஆஸ்திரேலிய ஓப்பனும் அமெரிக்க ஓப்பனும் கடினத் தரையில் நடக்கும். களிமண் தரையில் நடப்பது பிரெஞ்சு ஓப்பன் மட்டும்தான்.

பேர்தான் களிமண்!

உண்மையில் அங்கே களிமண் கிடையாது. மேலே ஓரிரு மில்லிமீட்டர் கனத்துக்குச் செங்கல் பொடி. அதன் கீழே சுண்ணாம்புக்கல் தூள். அதற்கும் கீழே நிலக்கரிக் கசடு, கற்கள் என்று அடுக்கடுக்காக இருக்கும். மழைத் தண்ணீர் வடிந்து போக இந்த ஏற்பாடு. மார்த்தாண்டம் பக்கம் பழைய ஓட்டு வீடுகளைப் பார்த்திருப்பீர்களே, ஏறக்குறைய அந்த ஓட்டின் நிறம்தான் தரைக்கும்.

இந்த யோசனை எப்படி வந்தது? 1880 வாக்கில், பிரான்சின் கேன் நகரில் ரென்ஷா சகோதரர்கள் என்ற இங்கிலாந்து வீரர்கள் டென்னிஸ் ஆடினார்கள். அங்கே அடித்த வெயிலில் புல்தரை கருகியது. உடனே உடைந்த மண்பானைகளைப் பொடியாக்கிப் புல்லின் மேல் தூவினார்களாம். வேண்டாம் என்று ஒதுக்கிய பானை ஓடு, புது ஆடுகளமாகி விட்டது!

கோள் சொல்லும் பந்து

இந்தத் தரையில் பந்து விழுந்தால் தடம் பதியும். பந்து கோட்டுக்கு உள்ளேயா, வெளியேயா என்று சண்டை வந்தால், நடுவர் இறங்கி வந்து தடத்தைக் குனிந்து பார்ப்பார். நீங்களும் சோதித்துப் பாருங்களேன். முற்றத்தில் கொஞ்சம் செங்கல் பொடியைத் தூவி, ஈரப் பந்தைப் போடுங்கள். நேராக விழுந்தால் தடம் வட்டமாக இருக்கும். சாய்வாக வந்தால் நீண்டிருக்கும். (முடிந்ததும் முற்றத்தைப் பெருக்கி விடுங்கள். இல்லாவிட்டால் அம்மாவே நடுவர் ஆகிவிடுவார்!)

இன்னொரு விஷயம். பொடித் தரை பந்தை உரசிப் பிடிப்பதால் அதன் வேகம் குறையும். பந்து உயரமாகவும் எழும்பும். எதிராளி ஓடிப்போய் எடுக்க நேரம் கிடைத்து விடும். அதனால் ஒரே அடியில் புள்ளி பெறுவது கஷ்டம். வேகத்தைவிடப் பொறுமைக்குத்தான் இங்கே மவுசு.

1989-ல் அமெரிக்காவின் மைக்கேல் சாங், அப்போதைய முதல் நிலை வீரர் இவான் லெண்டிலோடு மோதினார். சாங்குக்கு வயது 17. முதல் இரண்டு செட்களையும் தோற்றார். காலில் தசைப்பிடிப்பு வேறு. நிற்கவே முடியாத நிலையில், கையைத் தாழ்த்திச் சின்னப் பிள்ளை போல சர்வீஸ் போட்டார். லெண்டில் தடுமாறினார். சாங் அந்த ஆட்டத்தை ஜெயித்தார். அந்த ஆண்டுக் கோப்பையையும் வென்றார்!

சமம்தான், ஆனால் தாமதம்

இந்தப் போட்டி 1891-ல் ஆண்களுக்காகத் தொடங்கியது. பெண்கள் ஆட 1897 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விளையாட்டையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு 1968-ல்தான் கதவு திறந்தது. ஆண், பெண் இருவருக்கும் ஒரே அளவு பரிசுத் தொகை வந்ததோ 2007-ல்! 2011-ல் இங்கே பெண்கள் ஒற்றையர் பட்டம் வென்ற சீனாவின் லி நா, கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் ஜெயித்த முதல் ஆசிய நாட்டுக்காரர்.

மைதானத்துக்கு ரோலண்ட் கேரோஸ் என்று பெயர். அவர் டென்னிஸ் வீரர் அல்ல, விமானி! 1913-ல் மத்தியதரைக் கடலை எங்கும் நிற்காமல் விமானத்தில் கடந்த முதல் மனிதர்.

நம்ம நாகர்கோவில்காரர்

பாரீஸ் ரொம்ப தூரம் என்கிறீர்களா? மார்த்தாண்டத்தில் பஸ் ஏறினால் நாகர்கோவில் வந்து விடும். அங்கே 1937-ல் பிறந்தவர் ராமநாதன் கிருஷ்ணன். டென்னிசில் அவருக்கு அப்பாதான் குரு. 1954-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றார். 1960, 1961 என அடுத்தடுத்து விம்பிள்டன் அரையிறுதிக்குப் போனார். 1962-ல் பிரெஞ்சு போட்டியில் காலிறுதி வரை வந்தார். மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டத்தோடு பிரெஞ்சு ஜூனியர் பட்டத்தையும் தட்டி வந்தார்.

சென்னையில் பிறந்த மகேஷ் பூபதி, 1997-ல் ஜப்பானின் ரிகா ஹிராகியோடு சேர்ந்து இதே செங்கல் பொடித் தரையில் கலப்பு இரட்டையர் பட்டம் வென்றார். கிராண்ட் ஸ்லாம் பட்டம் வென்ற முதல் இந்தியர் அவர்தான்!

ஆனால், 2025 வரை ஆண்கள் ஒற்றையர், பெண்கள் ஒற்றையர் இரண்டிலும் இந்தியர் யாரும் இங்கே பட்டம் வென்றதில்லை. அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, குட்டீஸ்!