திண்டிவனம் வருவதற்குள் முடித்துவிடலாம்!

“அப்புறம் பார்த்துக்கலாம்...”

உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை இது காதில் விழுகிறது? பீரோவை ஒழிப்பது, இன்ஷூரன்ஸ் பாரம் நிரப்புவது என்றால் போகட்டும். பல் டாக்டர், கண் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை என்று உடம்பு சம்பந்தப்பட்டவைதான் அதிகமாகத் தள்ளிப் போகின்றன. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், உங்களிடமும் ஒன்று இருக்கும்!

என் சிநேகிதி ஒருத்தி விழுப்புரத்தில் குடியிருக்கிறாள். திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். தினமும் ரயில். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் தாண்டினால் திண்டிவனம். விக்கிரவாண்டியிலிருந்து மயிலத்துக்குள் நாலு பேப்பர் திருத்திவிடுவாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் இருந்தாலும் அந்தக் கட்டைப் பிரிக்கவே மாட்டாள். “ரயில்ல எப்படியும் திண்டிவனம் வந்துடும், எழுந்துக்கலாம். வீட்ல உட்கார்ந்தா எப்போ எழுந்துக்கறதுன்னே தெரியலையே” என்பாள்.

விஷயமே இதில்தான் இருக்கிறது. தள்ளிப் போடுகிறவர்களைச் சோம்பேறி என்று திட்டுகிறோம். மனோதத்துவ நிபுணர்கள் ஃபுஷியா சிரோயிஸ், டிமோதி பிச்சில் இருவரும் 2013-ல் எழுதிய கட்டுரை வேறு கோணத்தில் பார்க்கிறது. ஒரு வேலையை நினைத்தாலே பயமோ, சலிப்போ, எரிச்சலோ வருகிறது. தள்ளிப் போட்டதும் மனசுக்கு அப்பாடா என்றிருக்கிறது. அந்த ‘அப்பாடா’வுக்காகவே மறுபடியும் தள்ளிப் போடுகிறோம்!

இத்தாலியில் ஃபிரான்செஸ்கோ சிரில்லோ என்ற மாணவருக்கும் 1980-களின் பிற்பகுதியில் இதே கஷ்டம்தான். படிக்க உட்கார்ந்தால் மனசு ஒட்டவில்லை. சமையலறையில் இருந்த தக்காளி வடிவ டைமரை எடுத்துத் திருகி வைத்தார். மணி அடிக்கும் வரை படிப்பு, அப்புறம் ஓய்வு. பிறகு இதையே 25 நிமிஷ வேலை, 5 நிமிஷ ஓய்வு, நாலு சுற்று முடிந்ததும் கால் மணியிலிருந்து அரை மணி வரை நீண்ட ஓய்வு என்று ஒரு முறையாக்கினார். இத்தாலிய மொழியில் தக்காளிக்குப் பெயர் ‘பொமொடோரோ’. முறைக்கும் அதுவே பெயராகிவிட்டது.

25 நிமிஷம் என்பது சாஸ்திரம் இல்லை. குழந்தை அழும் வீட்டில் 10 நிமிஷம் கிடைத்தாலே பெரிசு. முக்கியம் என்னவென்றால், மணி அடித்ததும் நிஜமாகவே எழுந்துவிட வேண்டும். “இன்னும் கொஞ்சம்தானே” என்று நீட்டினால் அடுத்த தடவை மனசு உங்களை நம்பாது. செல்போனில் அலாரம் வைக்கலாம்தான். ஆனால் கையில் எடுத்தால் வாட்ஸ்அப் விடுமா? பரணில் கிடக்கும் பழைய டைம்பீஸ் உத்தமம். ஓய்விலும் போன் வேண்டாம். எழுந்து தண்ணீர் குடியுங்கள், மாடிப்படி ஏறி இறங்குங்கள்.

சிநேகிதி கதைக்கு வருகிறேன். அவள் அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. டாக்டர் எழுதிக் கொடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு, காலண்டருக்குப் பின்னால் எட்டு மாசம் தூங்கிக் கொண்டிருந்தது. “இருக்குன்னு சொல்லிட்டாங்கன்னா?” என்ற பயம். ‘டெஸ்ட்டுக்குப் போகணும்’ என்று மலையாக நினைக்காமல் துண்டு போட்டாள். முதல் நாள் 15 நிமிஷம்: சீட்டையும் பழைய ரிப்போர்ட்டையும் தேடி எடுப்பது, அவ்வளவுதான். மறுநாள் 10 நிமிஷம்: லேபுக்குப் போன் போட்டு நேரம் கேட்பது. எட்டு மணி நேரமாவது சாப்பிடாமல் வரவேண்டும், தண்ணீர் குடிக்கலாம் என்றார்கள். மூன்றாம் நாள் காலையில் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வழக்கமான ரயிலையும் பிடித்துவிட்டாள்!

வெறும் வயிற்றில் 116. நூறுக்குக் கீழே இருந்தால் சரி. 126-ம் அதற்கு மேலும் என்றால் இன்னொரு முறை பரிசோதித்துச் சர்க்கரை நோயை உறுதி செய்வார்கள். நடுவில் இருப்பது எச்சரிக்கைக் கட்டம். இந்தக் கட்டத்தில் தெரிந்தால் என்ன லாபம்? டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 இந்தியர்களைச் சுமார் மூன்று வருஷம் கவனித்து 2006-ல் முடிவு வெளியிட்டார்கள். நடைப்பயிற்சி, உணவு மாற்றம் கடைப்பிடித்தவர்களுக்கு நோய் வரும் அபாயம் 28.5 சதவிகிதம் குறைந்திருந்தது. எட்டு மாசத்தை நினைத்து அவளுக்கு ‘திக்’கென்றது. நல்லவேளை, ஒன்பதாக விடவில்லை.

ஒரு வார்த்தை. நெஞ்சு வலி, திடீரென்று கை கால் விளங்காமல் போவது, இதற்கெல்லாம் டைமர் கிடையாது, உடனே 108. அதேபோல, குளிக்கக்கூடத் தோன்றவில்லை, தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அது வெறும் தள்ளிப் போடல் இல்லை, மனச்சோர்வாக இருக்கலாம். டாக்டரைப் பாருங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிக்கு 14416-ல் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

சிநேகிதி இப்போது திண்டிவனம் ஸ்டேஷனிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஷேர் ஆட்டோ ஏறுவதில்லை, நடக்கிறாள். மூன்று மாசம் கழித்து மறுபடி டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அந்தச் சீட்டு, கைப்பையில் சீசன் டிக்கெட்டோடு இருக்கிறது.