பழைய மோட்டார் சைக்கிள்: ஆவணம் சொல்வதும் சொல்லாததும்

புது தில்லி: பழைய மோட்டார் சைக்கிள் வாங்கச் செல்பவரிடம் விற்பவர் முதலில் நீட்டுவது பதிவுச் சான்றை. அதில் தகுதிக் காலம் 2034 வரை என்று அச்சாகியிருக்கிறது. வாங்குபவரின் மனம் நிறைந்துவிடுகிறது. அரசே வண்டியைச் சோதித்து, இன்னும் பல ஆண்டுகள் ஓடும் என்று எழுதிக் கொடுத்திருப்பதாக அவர் எண்ணிக் கொள்கிறார். விற்பவர்களிலும் பலர் அப்படித்தான் நம்புகிறார்கள்.

உண்மை வேறு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 41-ஆவது பிரிவுப்படி, சொந்தப் பயன்பாட்டு வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். 2019-உடன் 15-ஐக் கூட்டினால் 2034. அவ்வளவுதான். அந்தத் தேதிக்கும் வண்டியின் பிரேக்குக்கும் டயருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. லாரி, பேருந்து, வாடகைக் கார் போன்றவை முதல் 8 ஆண்டுகளுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற்றாக வேண்டும். சொந்த மோட்டார் சைக்கிளை மோட்டார் வாகன ஆய்வாளர் பார்ப்பதோ, 15 ஆண்டுகள் முடிந்து மேலும் 5 ஆண்டுகளுக்குப் பதிவைப் புதுப்பிக்கும்போதுதான்.

தலைநகரில் அந்த ஒரு சோதனையும் நடப்பதில்லை. 15 ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் வாகனங்கள் தில்லி சாலைகளில் ஓடக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2014 நவம்பரில் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் அதை உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் உரிமையாளர்கள் மீது கட்டாய நடவடிக்கை கூடாது என்று கூறிய உச்ச நீதிமன்றம், அதே ஆண்டு டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பி.எஸ்.-4 மற்றும் அதற்கு மேற்பட்ட வாகனங்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. இருசக்கர வாகனங்கள் அனைத்துக்கும் பி.எஸ்.-4 கட்டாயமானது 2017 ஏப்ரலில்தான் என்பதால், தில்லியில் இன்று 15 வயதைத் தாண்டிய மோட்டார் சைக்கிள் எதற்கும் இந்தச் சலுகை பயன்படாது. அது உடைப்பதற்குப் போகும். இல்லையேல், தடையில்லாச் சான்று பெற்று வேறு மாநிலத்துக்குப் போகும். ஆக, தில்லியில் ஒரு மோட்டார் சைக்கிள் பிறந்தது முதல் முதுமை அடையும் வரை, அதன் பிரேக்கை அரசு சார்பில் யாரும் ஒருமுறைகூட அழுத்திப் பார்ப்பதில்லை.

இதைச் சிறிய விஷயமாகக் கருத முடியாது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-இல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். இந்த மரணங்களுக்கெல்லாம் பழைய வண்டிதான் காரணம் என்று சொல்வது நியாயமாகாது. வேகமும் தலைக்கவசம் இன்மையும் பெரிய காரணங்கள். ஆனால் வண்டியின் நிலைமைக்கு எவ்வளவு பங்கு என்று கேட்டால், சோதனைப் பதிவே இல்லாத நாட்டில் யார் விடை கூறுவது?

புகைச் சான்று மட்டுமே துணை: மோட்டார் சைக்கிள் தொடர்பாகக் காலந்தோறும் உருவாகும் ஒரே ஆய்வு ஆவணம், மாசுக் கட்டுப்பாட்டுச் சான்று. பதிவான ஓராண்டுக்குப் பிறகு இது கட்டாயம். 2000 மார்ச்சுக்குப் பிறகு தயாரான பி.எஸ்.-3 வரையிலான நான்கு வீச்சு எஞ்சின் வண்டிகளுக்குக் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதத்துக்கும், ஹைட்ரோகார்பன் 4,500 பி.பி.எம்.முக்கும் மிகக் கூடாது. வண்டி நின்ற நிலையில், எஞ்சின் மெதுவாக ஓடும்போது எடுக்கப்படும் அளவு இது.

இந்தக் காகிதத்தை வரம்புக்குள் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைப்பதே வழக்கம். படிக்கத் தெரிந்தவருக்கு அது இன்னும் கொஞ்சம் பேசும். கார்பன் மோனாக்சைடு அளவு ஆண்டுக்கு ஆண்டு ஏறினால், எஞ்சினுக்குள் காற்று குறைந்து பெட்ரோல் அதிகமாகப் போகிறது. காற்று வடிகட்டியோ கார்புரேட்டரோ கவனிக்கப்படவில்லை. ஹைட்ரோகார்பன் மட்டும் தனியாக உயர்ந்தால், தீப்பொறி சரியாக விழவில்லை அல்லது எஞ்சின் ஆயில் எரிகிறது. முன்னது சில நூறு ரூபாய்ச் செலவு. பின்னது பிஸ்டன் வளையம் வரை இழுத்துச் சென்றால் வண்டியின் விலையில் கணிசமான பகுதியை விழுங்கிவிடும்.

தேதிகளையும் பார்க்க வேண்டும். இரண்டு சான்றுகளுக்கு இடையே ஒன்றரை ஆண்டு இடைவெளி இருந்தால், வண்டி எங்கோ ஓடாமல் கிடந்திருக்கலாம். உரிமையாளரின் அலட்சியமாகவும் இருக்கலாம். எப்படியானாலும் கேள்வி கேட்கக் காரணம் உண்டு. சான்றில் அச்சாகும் வண்டியின் படமும் பயனுள்ளது. போன ஆண்டுப் படத்தில் இருந்த முன் மட்கார்டு இந்த ஆண்டு வேறாக இருந்தால், இடையில் எங்கோ மோதியிருக்க வாய்ப்பு உண்டு.

ஆனால், அந்தச் சான்றே நம்பத்தக்கதா? தில்லி சட்டப்பேரவையில் 2025 ஏப்ரலில் தாக்கல் செய்யப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, வரம்பை மீறிப் புகை கக்கிய 1.08 லட்சம் வாகனங்களுக்கும் சான்று வழங்கப்பட்டதை வெளிப்படுத்தியது. ஒரே மையத்தில் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வாகனங்கள் சோதிக்கப்பட்டதாகப் பதிவானவை 7,643 நிகழ்வுகள். நுரையீரலைப் பற்றிய கவலையில் எழுதப்பட்ட அறிக்கைதான் அது. பழைய வண்டி வாங்குபவரும் படிக்க வேண்டியது.

இக்கட்டுரையாளரின் இளம் சக பத்திரிகையாளர் ஒருவர் அண்மையில் வாங்கிய வண்டியுடன் மூன்று ஆண்டுச் சான்றுகள் வந்தன. மூன்றிலும் கார்பன் மோனாக்சைடு அளவு கடைசித் தசமம் வரை ஒன்றே. இயந்திரம் அவ்வளவு ஒழுக்கமாக நடந்துகொள்வதில்லை. கொஞ்சமும் மாறாத அளவு, வண்டி நன்றாக இருப்பதற்கு அடையாளமல்ல. அது சோதனை மையத்துக்கே போகவில்லை என்பதற்கு அடையாளம். வாங்கிய பிறகே காகிதங்களை மேசை மீது பரப்பிப் பார்த்தோம்.

பிரிட்டனில் நடப்பது என்ன?: அங்கு மூன்று ஆண்டுகளைக் கடந்த மோட்டார் சைக்கிள் ஆண்டுதோறும் சாலைத் தகுதிச் சோதனைக்கு உட்பட வேண்டும். 1960-இல் பத்து ஆண்டு வாகனங்களுக்காகத் தொடங்கிய முறை அது. பதிவு எண் தெரிந்த எவரும் அந்த வண்டியின் சோதனை வரலாற்றை இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். எந்த ஆண்டு தேறவில்லை, எதனால், எத்தனை மைல் ஓடியிருந்தது, அடுத்து எதைக் கவனிக்க வேண்டும் என்ற குறிப்பு வரை அதில் இருக்கும். ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டும் வித்தை அங்கு அவ்வளவு எளிதல்ல.

அதையும் கண்மூடி நம்பிவிட முடியாது. பிரிட்டன் சோதனை எஞ்சின், கிளட்ச், கியர் பெட்டி ஆகியவற்றின் நிலையைப் பார்ப்பதில்லை. விளக்கு எரியவில்லை, டயர் தேய்ந்துவிட்டது என்று தேறாமல் போன வண்டி, உரிமையாளரின் சோம்பலைக் காட்டுகிறதே தவிர, தயாரிப்பின் தரத்தைக் காட்டுவதில்லை. இருபது வயதான ஒரு ரகம் அதிக விகிதத்தில் தேறுகிறதென்றால், அதில் மோசமானவையெல்லாம் ஏற்கெனவே பழைய இரும்புக்குப் போய்விட்டன என்பதும் காரணமாக இருக்கலாம். ஒரே குறை ஆண்டுதோறும் திரும்பத் திரும்பக் குறிப்பில் வருகிறதா என்பதே கவனிக்க வேண்டியது. பின்புற அதிர்வு தாங்கியில் எண்ணெய்க் கசிவு என்று ஒரு ஆண்டு எழுதி, அடுத்த ஆண்டு அது மறைந்தால் உரிமையாளர் பழுது பார்த்திருக்கிறார். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து இருந்தால், எழுதப்படாத மற்றக் குறைகளையும் அவர் அப்படியே விட்டிருப்பார் என்று கொள்ளலாம்.

நம் நாட்டில் சட்டம் அசையாமல் இல்லை. மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 2019 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தகுதிச் சோதனையை மனிதர் கையிலிருந்து எடுத்துத் தானியங்கி மையங்களிடம் ஒப்படைக்க அது வழிவகுத்தது. அந்த மையங்களுக்கான விதிகள் 2021 செப்டம்பரில் வந்தன. பழைய மோட்டார் சைக்கிளின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயானது. கட்டணம் உயர்ந்த வேகத்தில் சோதனையின் எண்ணிக்கை உயரவில்லை. 15 ஆண்டுகளுக்கு முன் ஒரு சோதனை என்ற எண்ணமே சட்டத்தில் இல்லை.

ஓரளவு பயன்படக்கூடியது, 2023 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த 55ஏ முதல் 55எச் வரையிலான விதிகள். பழைய வாகன வணிகர் போக்குவரத்து அலுவலகத்தின் அங்கீகாரம் பெற வேண்டும்; வண்டி அவர் கைக்கு வந்ததை உரிமையாளர் தெரிவித்த நாளிலிருந்து அவரே உரிமையாளராகக் கருதப்படுவார்; அவரிடம் இருக்கும் காலத்தில் வண்டி எங்கு, எதற்காக, எவ்வளவு தூரம் சென்றது என்பதை மின்னணுப் பதிவேட்டில் எழுத வேண்டும். உணவு விநியோகத்துக்காக நாளெல்லாம் ஓட்டப் போகும் இளைஞர்தான் இந்தச் சந்தையில் மலிவான வண்டியைத் தேடி வருகிறார். அங்கீகாரச் சான்றைக் காட்டுங்கள் என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு என்பதை அவரிடம் சொன்னவர் யாரும் இல்லை.

சக பத்திரிகையாளரும் கேட்கவில்லை. ஆறாவது வாரத்தில் வண்டியை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனார். பிஸ்டன் வளையம் மாற்றினார்கள். அதன் பிறகு அவரே போய் எடுத்த புகைச் சான்றில் மட்டும் எண்கள் மாறியிருந்தன.