சுண்ணாம்புச் சூளை ஊர் 'போப்பின் புதுக்கோட்டை' ஆனது எப்படி?

ஊர்ப் பெயரை மாற்றினால் என்ன கிடைக்கும்? தெற்கு பிரான்ஸில் ஒரு சின்ன ஊருக்கு உலகப் புகழே கிடைத்தது. ஆனா, பெயரை மாற்றியதால் மட்டும் இல்ல.

ஊரின் பெயர் ஷாத்தோநெஃப்-து-பாப். அவிஞோன், ஒரான்ஜ் நகரங்களுக்கு இடையே, ரோன் நதிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 2,000.

பெயருக்கு என்ன அர்த்தம்?

'ஷாத்தோ' என்றால் கோட்டை, 'நெஃப்' என்றால் புது. அதாவது, நம்ம புதுக்கோட்டையேதான்! 'து பாப்' என்றால் போப்புடைய.

எந்த போப்?

1309 முதல் 1377 வரை போப்கள் ரோமில் இல்லாமல் அவிஞோனில் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான இருபத்திரண்டாம் ஜான், 1317ல் இங்கே குன்றின் மேல் ஒரு கோட்டை கட்டத் தொடங்கினார்.

அப்போ, அந்தக் கோட்டையால் வந்த பெயரா? அதுதான் இல்ல. 1094ஆம் ஆண்டு லத்தீன் ஆவணத்திலேயே 'புதுக்கோட்டை' என்ற பெயர் இருக்கிறது. மதில் சூழ்ந்த ஊர் என்பதுதான் அங்கே பொருள்.

போப்கள் போன பிறகும் பல நூற்றாண்டுகள் ஊர் 'ஷாத்தோநெஃப் கால்செர்னியே' என்றே அழைக்கப்பட்டது. காரணம், பக்கத்தில் இருந்த சுண்ணாம்புச் சூளைகள். 1893ல்தான் சுண்ணாம்பு போய், போப் அதிகாரபூர்வமாகப் பெயருக்குள் வந்தார்.

பெயர் மாறியதும் எல்லாம் மாறியதா?

இல்ல. இந்த ஊர் ஒயினில் பெரும்பகுதி பீப்பாய் பீப்பாயாக பர்கண்டிக்குப் போனது. அங்குள்ள ஒயினுக்கு வலுவேற்ற அதைக் கலந்தார்கள். உழைப்பு இவர்களுடையது, பெயர் வேறு ஊருக்கு. இன்னொரு பக்கம், இந்த ஊர்ப் பெயரை ஒட்டி வெளியாட்கள் போலி ஒயின் விற்றார்கள்.

1923ல் விவசாயிகள் ஒன்று சேர்ந்தார்கள். வழக்கறிஞரும் தோட்ட உரிமையாளருமான பரோன் லெ ருவா தலைமையில் விதிகள் உருவாயின. எந்த நிலம், எந்தத் திராட்சை வகை, ஆல்கஹால் குறைந்தபட்சம் எவ்வளவு என்று எல்லாவற்றையும் வரையறுத்தார்கள். லாவெண்டரும் தைமும் வளரும் வறண்ட மண்தான் தகுதியான நிலம். சொத்தைப் பழங்களைக் கழித்துவிட வேண்டும்.

1936ல் பிரான்ஸ் அரசு 'ஏஓசி' என்ற சட்டப் பாதுகாப்பைத் தந்த முதல் ஒயின்களில் இதுவும் ஒன்று. இந்தியாவில் 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி தரப்படும் புவிசார் குறியீடும் இதே யோசனைதான்: ஊர்ப் பெயர் அந்த ஊர்க்காரர்களின் பொதுச் சொத்து.

கோட்டை இப்போது?

1944ல் ஜெர்மன் படையினர் வெடிவைத்ததில் எஞ்சியிருந்த கோபுரமும் பாதி சரிந்தது. மீதி இன்றும் குன்றின் மேல் நிற்கிறது. போப் கட்டியதில் கொஞ்சம்தான் மிச்சம். விவசாயிகள் எழுதிய விதிகள்தான் இன்றைக்கும் அந்தப் பெயரைக் காப்பாற்றுகின்றன.